பாலத்துக்கு அந்தப் பக்கம்

சிவப்பு விளக்கில் நின்றோம். பெடலில் பூட்டிய காலணியை விடுவித்துக் காலை ஊன்ற அக்காவுக்கு எப்போதும் சோம்பல். பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு சைக்கிளிலேயே நிற்பாள். அன்று சற்று முன்புதான் கழன்ற செயினை வெறுங்கையால் மாட்டியிருந்தாள், விரலெல்லாம் கிரீஸ்.

"அக்கா, சட்டை புதுசு."

"துவைச்சா போயிடும்டி. ரொம்பத்தான் அலட்டிக்கிற."

முன்னால் நின்ற எங்கள் கூட்டத்துப் பல் டாக்டர் திரும்பினார். "சண்டையைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வச்சுக்கங்க. இன்னைக்கு வேகம் குறையாது."

பச்சை விழுந்தது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் ஆறு பேர். ஒரு முழம் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் போவோம். முதல் ஆள் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்வார். களைத்ததும் முழங்கையை அசைத்து ஒதுங்குவார். வரிசை அவரைத் தாண்டும். அவர் கடைசியில் ஒட்டிக்கொள்வார். அந்த வேகத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் பாலம் இறங்கியதும் கடைசி ஆள் "ஆள் சரி" என்று கத்த வேண்டும்.

அன்று தார் இளகி டயரில் ஒட்டியது. பாட்டிலில் இருந்தது வெந்நீர். நொடிக்கொரு தரம் வேகத்தை அறிவிக்கும் மருந்துக்கடைக்காரர், எங்கள் 'மீட்டர்', வாயே திறக்கவில்லை. அக்கா முன்னால் தன் முறையை முடித்து, முழங்கையை அசைத்து, என்னைக் கடந்து பின்னால் போனாள். அவள் முகத்தில் வியர்வையே இல்லை. அதை அப்போது பார்த்தேனா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

பாலம் ஏறினோம், இறங்கினோம். எனக்குப் பின்னால் "ஆள் சரி" என்றது அக்காவின் குரல்.

பெட்ரோல் பங்க் நிழலில் நின்றபோது ஐந்து பேர்தான் இருந்தோம்.

வந்த வழியே திரும்பினோம். பாலத்தைத் தாண்டி, முதலில் நாங்கள் ஏறிய பக்கத்திலேயே, ஒரு விளம்பரப் பலகையின் ஒல்லியான நிழலில் உட்கார்ந்திருந்தாள். சைக்கிளை ஒழுங்காகச் சாய்த்து வைத்திருந்தாள். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. உடம்பு கொதித்தது. வெயில் மூளைவரை போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். சாயங்காலம் போய்விட்டாள்.

அவள் கணவர், என் மாமா, அழுது ஓய்ந்தபின் கேட்டது ஒன்றுதான். "உங்ககூடப் பாலம் தாண்டினாளா, இல்ல நீங்கல்லாம் போனப்புறம் தனியா உக்காந்துட்டாளா?"

தாண்டியிருந்தால் எதற்குத் திரும்பிப் போனாள்? தாண்டவில்லை என்றால் நான் கேட்டது யார் குரல்?

பல் டாக்டர், "நான்தான் கத்தினேன்," என்றார். அவர் அப்போது எனக்கு முன்னால் இருந்ததாக நினைவு. மீட்டர், "யாருமே கத்தலைம்மா," என்றார். மற்ற இருவர் முதலில் குரல் கேட்டது என்றார்கள், அடுத்த முறை கேட்டபோது இல்லை என்றார்கள். "அந்த வெயில்ல யாருக்குத்தான் புத்தி புத்தியா இருந்துச்சு," என்றார் டாக்டர். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

போன வாரம் மாமா வந்தார். சாப்பாட்டு மேசையில் அக்கா உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தார்.

"நிச்சயமா அவ குரல்தானா?"

ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. "தெரியல மாமா. சிக்னல் வரைக்கும் என்கூட இருந்தா. அதுமட்டும் நிச்சயம்."

"அதுவாச்சும் எப்படித் தெரியும்?" குத்தலாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

உள்ளே போய் அன்று நான் போட்டிருந்த சட்டையை எடுத்து வந்து மேசையில் விரித்தேன். மாமா வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை.

"துவைக்கலையா?"

"அம்மா தெரியாம ஊறப்போட்டுட்டாங்க. ரெண்டு தடவை."

வலது தோளில் நாலு விரல், கறுப்பாக. போகவில்லை.