பச்சை ரப்பர் பேண்டைக் கட்டியது யார்?

1

இந்தக் கடையைத் தூக்கி நிறுத்தியது ஒரு பச்சை ரப்பர் பேண்டு.

நல்ல முதல் வரி, இல்லையா? எனக்கே பெருமையாக இருக்கிறது. கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் தேக்காவில் பொட்டலச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நூர்தீன் அண்ணன், கடையின் இருபதாம் ஆண்டு மலருக்குத் தன் கதையை எழுதித் தரச் சொன்னார். கூலி, ஆறு மாதம் மதியச் சாப்பாடு. (என் எழுத்துக்கு இதுவரை கிடைத்ததில் இதுதான் அதிகம்.)

2

"தனி ஆளா நின்னேன்னு போடுங்க தம்பி."

தனி ஆளாக நின்ற நூர்தீன், விடியும் முன்பே எழுந்து

வேண்டாம். அவர் இதைச் சொல்லும்போதே பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முதல் நாளிலிருந்து அங்கே பொட்டலம் கட்டும் சிவகாமசுந்தரி அக்கா.

3

அக்கா சைவம். தன் பொட்டலத்தை யாரும் எடுத்துவிடக் கூடாதென்று அதற்கு மட்டும் பச்சை ரப்பர் பேண்டு போடுவார். ஒருநாள் அது கிராஞ்சி தொழிலாளர் விடுதிக்குப் போகும் லாரியில் ஏறிவிட்டது. (ஏற்றியவர் நூர்தீன்.) அங்கே சைவம் எது, கோழி எது என்று தினமும் பிரித்துப் பார்த்துச் சண்டை. பச்சையைப் பார்த்ததும் போன் வந்தது: "சைவத்துக்கெல்லாம் இப்படியே கட்டுங்க லா!" அடுத்த மாதம் மூன்று விடுதிகளின் ஆர்டர்.

பொட்டலம் லாரி ஏறிய அன்று அக்காவுக்கு மதியச் சாப்பாடு வெறும் வாழைப்பழம்.

* அடிக்குறிப்பு: இருக்கிற அடுப்பு போதாது என்று எல்லோரும் கையை விரித்தபோது, ஆர்டருக்குச் சரி சொன்னவர் நூர்தீன்தான். இரண்டு வருடம் லாரியில் தானே போய் இறக்கினார். அதையும் மறைக்கக் கூடாது.

4

மலரில் இப்போது உள்ள வரி: 'நிறுவனரின் மூளையில் உதித்தது பச்சை ரப்பர் பேண்டு.' நாளை அச்சுக்குப் போகிறது. அக்காவும் இந்த வாரத்தோடு வேலையை விடுகிறார்.

"இருபது வருஷமா அங்க என்னதாம்மா பண்ணேன்னு மக கேக்குறா. புத்தகத்துல பேரு இருந்தா காட்டலாம். இருக்குமா தம்பி?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நூர்தீனிடம் சொன்னேன்.

"நான்தான் யோசிச்சேன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே அப்படித்தான்னு ஆயிடுச்சு லா. அக்கா பேரைப் போடுங்க."

5

முடிவு அ: பெயரைப் போட்டேன். நியாயம் செய்துவிட்ட மிதப்பில் தேநீர் குடித்தேன்.

முடிவு ஆ: குடிக்கும்போது ஒன்று உறைத்தது. இந்தக் கதையின் முதல் வரி என்னுடையது அல்ல. பொட்டலம் கட்டிக்கொண்டே அக்கா சொன்னது. நான் குறித்துக்கொண்டு, உங்களிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

தலைப்புக்குக் கீழே, எழுதியவர் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பேனா இருந்தால் நீங்களே நிரப்புங்கள்.