ஒரே வழக்குக்கு இரண்டு கடிதங்கள்

அவளுடைய நிறத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்களாம். அப்படிச் சொல்லித்தான் மருந்துக்கடை மேலாளர் அவளை வேலையைவிட்டு நிறுத்தினார். கம்பெனியின் தலைமையகத்தில் முறையிடப் பத்து நாள் அவகாசம் இருந்தது. கூடவே ஓர் அமைப்பின் ஆதரவுக் கடிதமும் வேண்டும். அவள் நிறவெறி எதிர்ப்புக் கூட்டமைப்புக்குப் போனாள்.

அங்கே தலைவரும் செயலாளரும் நிறவெறியைச் சற்று ஒத்திவைத்துவிட்டு ஒருவரையொருவர் எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு முத்திரை வைத்திருந்தார்கள்.

"கவலைய விடும்மா, நாங்க இருக்கோம்" என்று தலைவர் கடிதம் அனுப்பினார். செயலாளர் சும்மா இருப்பாரா? தலைவரின் கையெழுத்து செல்லாது, அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று அவரும் கம்பெனிக்கு எழுதினார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. கூட்டமைப்பே தன் கடிதத்தை மறுத்துவிட்டதால் முறையீடு தள்ளுபடி.

அவள் செயலாளரிடம் ஓடினாள்.

"முதல்லயே எங்கிட்ட வந்திருக்கணும் தங்கச்சி. அந்தாளுக்கு மைக் கிடைச்சாப் போதும்."

"அண்ணே, உங்க கடிதத்தாலதான் என் வேலை போச்சு."

"இந்த வேதனையத்தான் ஞாயித்துக்கிழமை நம்ம மேடையில வந்து சொல்லணும். அழுகை வந்தா அடக்காத."

"என் வேலை?"

"முதல்ல அந்தாளை வெளியேத்துவோம். நிறவெறி எங்க ஓடிடப் போகுது?"

வீட்டில் கணவன் ஆவலாகக் கேட்டான்: "கடிதம் குடுத்தாங்களா?"

"ரெண்டு பேருமே குடுத்தாங்க."

"அப்ப நம்ம பக்கம் பலம்தான்!"

கடையின் வெள்ளைக் கோட்டைத் துவைத்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வாளியில் தண்ணீர் பிடித்தாள்.