பலகைக்குப் பின்னால்

அருள்பாண்டிக்கு ஒரு கெட்ட வழக்கம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. வல்லம் வடகாலில் அவனோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனிக்குப் போகிற மகாராஜாவுக்கு இது தெரியாததல்ல. இருந்தும் பாட்டு விஷயத்தில் அவனைத்தான் நம்பினான். அதுதான் வினையாகிவிட்டது.

பெட்டியே இல்லாமல், வெறும் பலகையில் ஓட்டை போட்டு ஊஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கரை மாட்டினால் பாட்டு நேரில் கேட்பதுபோல் இருக்கும் என்று அருள்பாண்டி யூடியூபில் பார்த்தான். கம்பெனியில் மிஷின் வந்திறங்கிய பெட்டியின் பிளைவுட் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தான். சங்கரன்கோவிலுக்கு லீவில் போயிருந்த மகாராஜா, துண்டில் சுற்றி ஒரு பழைய ஊஃபரைக் கொண்டுவந்து கொடுத்தான். செத்துப்போன அவன் அண்ணன் முப்பிடாதி, மைக்செட் கடையில் நாளெல்லாம் ஓடவிட்ட பாட்டுப்பெட்டியில் இருந்தது அது.

"வீட்ல சும்மாதான் கெடக்கு. இதையே மாட்டுல. நம்ம ரூம்லயும் அண்ணன் கடைச் சத்தம் கேக்கட்டும்."

"மாட்டிருவோம் மாப்ள" என்றான் அருள்பாண்டி.

மகாராஜா ஷிப்டுக்குப் போனதும் அதை அமுக்கிப் பார்த்தான். காகிதக் கோன் தொளதொளவென்று ஆடியது. காந்தமோ உளுந்தவடை அளவுதான். இதில் எங்கே கும்மென்று பேஸ் வரப்போகிறது என்று உதட்டைப் பிதுக்கினான். பழைய இரும்பு வண்டி தெருவில் வந்தபோது, உடைந்த ஃபேனோடு அதையும் தூக்கிப் போட்டுவிட்டான். ரிச்சி தெருவுக்குப் போய், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய காந்தம் வைத்த கார் ஊஃபர் வாங்கிவந்து மாட்டினான். எது பாடினால் மகாராஜாவுக்கு என்ன தெரியப்போகிறது என்று முன்பக்கம் துணியும் ஒட்டினான். அந்த நினைப்புக்கு அவனைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

பேஸ் வரவே இல்லை. தவில் தகர டப்பா போலக் கேட்டது. கம்பெனி லைனில் கூட வேலை பார்க்கிற பிள்ளைப்பாக்கத்து மோகன், கார்களுக்கு செட் மாட்டுகிறவன். அவன் வந்து பார்த்துச் சிரித்தான்.

"இது பொட்டிக்குள்ள போடறதுபா. பலகைல மாட்னா பின்னால வர்ற சத்தம் சுத்திக்கினு வந்து முன்னால வர்றத துன்னுடும். அத்த ஈடுகட்ட கோன் லூசா, தாராளமா ஆடணும். இம்மாம் பெரிய காந்தம் அத்த ஆடவுடாம புடிச்சிக்கினு கீது. பழைய பாட்டுப்பொட்டி ஊஃபர் எதுனா கீதா பாரு, சின்ன காந்தம் வச்சது. அதான் இதுக்கு கரெக்ட்."

அருள்பாண்டி பழைய இரும்புக் கடைக்கு ஓடினான். காந்தத்தை உடைத்து, காகிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகாராஜா பாய் போட்டு உட்கார்ந்தான். பாட்டு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

"அண்ணன் கடைல கேட்ட மாதிரியே இருக்குல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அருள்பாண்டி தலையை ஆட்டினான்.

"கோன் பின்னால கிழிஞ்சி, அண்ணன் ஃபெவிகால் வச்சி ஒட்டிருந்தான். பிரியாம இருக்கானு பாக்கேன்" என்று மகாராஜா எழுந்தான். பெட்டியாக இருந்தால் மூடியிருக்கும். இது பலகை. பின்னால் போய் நின்றான். வெகுநேரம் வரவில்லை.

அருள்பாண்டி பாட்டை நிறுத்தப் போனான்.

"ஓடட்டும்ல" என்றான் மகாராஜா. திரும்ப வந்து அதே பாயில் உட்கார்ந்தான். கண்ணை மட்டும் மூடவில்லை. எங்கே போட்டாய் என்று அவன் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. இப்போதெல்லாம் அந்த அறையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டுதான் பாட்டுக் கேட்கிறான்.