பச்சைக் கோடு

“சட்டையக் கழட்ட வேணாம்க்கா. முகத்தையும் கை காலையும் தொடச்சு விட்டாப் போதும்.”

இறந்து கிடந்த கணவனின் சட்டைப் பொத்தானைத் தம்பி மனைவி கையால் மூடிக்கொண்டாள். காலையிலிருந்து இது இரண்டாவது தடவை. அக்கா ஈரத்துணியைப் பிழிந்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

அக்காவுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. காய் வாங்கினால் தராசைப் பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரின் கையைப் பார்ப்பாள். கூடப்பிறந்தவன் செத்துக் கிடக்கும் வீட்டிலும் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் நின்றாள்.

தம்பிக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்தபோது, மருத்துவர் சொன்ன வைத்தியத்தையும் அவள் நம்பவில்லை. கதிர்வீச்சு வைத்துக் கட்டியை உடைப்பார்களாம். உடைந்த துண்டுகளைப் பார்த்து உடம்பு தன் எதிரி யாரென்று தெரிந்துகொள்ளுமாம். கூடவே ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டால், மிச்சத்தை உடம்பே பார்த்துக்கொள்ளுமாம்.

“ஒண்ணு ஒழுங்கா வேலை செஞ்சா இன்னொண்ணு எதுக்குடா?” என்று கேட்டாள்.

தம்பி சிரித்தான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன் அவன். “அடிப்பூச்சு இல்லாம பெயின்ட் நிக்குமாக்கா? அது மாதிரிதான் இதுவும்.”

அடிப்பூச்சும் அடித்தார்கள், மேல் பூச்சும் அடித்தார்கள். இன்று காலை அவன் போய்விட்டான்.

மார்பில் அப்படி என்னதான் இருக்கிறது? வெந்து கிடக்கிறதோ? புது மருந்தை இவன் மேல் போட்டுப் பரீட்சை பார்த்துவிட்டார்களோ? இவளும் அதற்கு உடந்தையோ? காரணம் சொல்லாமல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே.

“தண்ணி ஆறிப்போச்சு. வேற கொண்டா,” என்றாள் அக்கா. தண்ணீர் ஆறவில்லை. தம்பி மனைவி தயங்கித் தயங்கித்தான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் அக்கா பொத்தான்களைக் கழற்றினாள்.

புண் எதுவும் இல்லை. லேசாகக் கறுத்த தோலில் ஊதா மையால் போட்ட கூட்டல் குறி ஒன்று மங்கித் தெரிந்தது. கதிர் வைப்பதற்காக மருத்துவமனையில் போட்ட அடையாளம். கோணலாக இழுத்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி இன்னொரு கூட்டல் குறி, பச்சை பெயின்டில். அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. கோட்டின் நுனியில் சின்னதாக ஒரு சுழிப்பு. அந்தச் சுழிப்பை அவள் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வாள். கடைத்தெருவில் பாதிப் பலகைகளில் அது இருக்கிறது.

“கோணலா இருக்குன்னு அவருக்குத் தூக்கமே வரலக்கா.”

தம்பி மனைவி பாத்திரத்தோடு வாசற்படியில் நின்றாள்.

“ஆஸ்பத்திரில ஒருத்தருக்கும் கோடு இழுக்கத் தெரியலன்னு ஒரே பொலம்பல். அவரே நேராக்கிக்கிட்டாரு. நான்தான் கண்ணாடி புடிச்சேன்.”

“எப்ப?”

“பாதிக் கதிர் முடிஞ்சிருந்துது.”

“அங்க யாரும் பாக்கலியா?”

“பாத்தாங்க. கதிர் வைக்கிறவரு சிரிச்சிட்டாரு. படுக்க வைக்கத்தாம்மா இந்தக் கோடு, குறி பாக்கறது படம் எடுத்துத்தான், ஒண்ணும் ஆகலன்னாரு. அப்புறம் இவரக் கேக்கணுமா? எல்லாம் முடிஞ்ச பொறகும் மங்க மங்க மெருகு போட்டுக்கிட்டே இருந்தாரு.” பாத்திரத்தில் தண்ணீர் தளும்பியது. “நெசமாவே ஒண்ணும் ஆகலியாக்கா? எம்மனசு நோகக் கூடாதுன்னு அந்தக் கதிர் வைக்கிறவரு சொல்லிருப்பாரோ? அவங்க பாக்கறதுக்கு முன்னாடியே கதிர் தப்பான எடத்துல பட்டிருந்தா? நான் கண்ணாடிய புடிக்காம இருந்திருந்தா அவரு போட்டிருக்கவே மாட்டாருல்ல?”

அதே கேள்விதான் அக்காவின் நாக்கு நுனியிலும் நின்றது. தான் ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், இவள் ஆயுசுக்கும் அதைச் சுமப்பாள். தம்பி மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிருக்குப் போராடுகிறவனுக்கு நேர்க்கோடு ஒரு கேடா? கோபத்தோடு அழுகையும் வந்தது.

“படம் எடுத்துத்தான் வெப்பாங்க. எனக்குத் தெரியும்,” என்றாள். அவளுக்குத் தெரியாது.

“நீங்க நம்புறீங்களாக்கா?”

“நம்புறேன்.”

தம்பி மனைவி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அக்கா அவசரமாகக் கழுத்து வரை பொத்தான்களைப் போட்டாள். ஜன்னல் கட்டையில் கைக்கண்ணாடி ஒன்று இருந்தது. பிடியில் பச்சைக் கறை. துணி நனைக்க மற்றவள் குனிந்த நேரத்தில் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ஜிப் சத்தம் கேட்டுத் தம்பி மனைவி நிமிர்ந்தாள். காலியாக இருந்த ஜன்னல் கட்டையைப் பார்த்தாள்.

அக்கா சீப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“தலைய வாரி விடு. வகிடு நேரா இருக்கட்டும்.”