குழாயில் போட்ட துளை

என் மனைவி பல் டாக்டர். பேட்டையில் பாதிப் பேர் வாயை அடைத்தவள், என் வாயை மட்டும் இன்னும் அடைக்க முடியவில்லை. நான் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். கடல் நீரோட்டம், பவளப்பாறை என்று பேசிப் பேசியே காலம் தள்ளுகிறவன், வீட்டுக் கூடத்திலும் ஒரு துண்டுக் கடல் வைத்திருக்கிறேன். கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர், பவளங்கள், ஒரு ஜோடி கோமாளி மீன். அந்த இனத்தில் பெண்தான் பெரியது. அது போகிற பக்கமெல்லாம் ஆண் வாயைத் திறக்காமல் பின்னால் போகும். எங்கள் வீட்டுத் தண்ணீர் அவற்றுக்கு ஒத்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

தொட்டியை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "சக்களத்திக்கு சாப்பாடு போட்டாச்சா? அப்ப நாம சாப்பிடலாமா?" என்று கேட்பாள். நான் காதில் வாங்காததுபோல் மீன்களுக்கு இன்னொரு சிட்டிகை போடுவேன்.

ஹீட்டர், வடிகட்டி, ஒயர் எல்லாம் தொட்டிக்குள்ளேயே துருத்திக்கொண்டு நின்றதால், கீழே அலமாரிக்குள் ஒரு சம்ப் வைக்க ஆசைப்பட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டாவது தொட்டி. மேலே நிரம்பி வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும், அங்கே சுத்தமாகும், மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். தண்ணீர் கூடுதலாக இருந்தால் பவளத்துக்கும் நல்லது. இதையெல்லாம் வகுப்பெடுப்பதுபோல் விளக்கினேன்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். பழைய தொட்டி ஒருமுறை கசிந்து, கீழ்வீட்டுக்காரர் கூரை ஊறிப்போய், அவரிடம் மன்னிப்புக் கேட்டது அவள்தான்.

"வைங்க. ஆனா ஒரு சொட்டு தரையில விழுந்தாலும் தொட்டி தம்பி வீட்டுக்குப் போயிடும். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

அவள் தம்பி, என் மச்சினன், ரொம்ப நாளாகவே அந்தத் தொட்டிமேல் கண் வைத்திருந்தான். ஆனாலும் சரி என்றேன்.

விடுமுறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினேன். இதில் ஒரு சங்கதி உண்டு. கரண்ட் போய் மோட்டார் நின்றால், தண்ணீரை மேலே ஏற்றிய குழாயே அதைத் திரும்பக் கீழே இழுக்க ஆரம்பித்துவிடும். சம்ப் நிரம்பி வழிந்து வீடு வெள்ளமாகும். அதைத் தடுக்க, அந்தக் குழாயில், தண்ணீர் மட்டத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு துளை போடவேண்டும். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்துவிடும், இழுப்பது நின்றுவிடும். நானும் போட்டேன். சுவிட்சை அணைத்துப் பார்த்தேன், கச்சிதமாக நின்றது. துளையைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. குழாயில் நானே ஓட்டை போட்டேன் என்று தெரிந்தால் அன்றைக்கே மச்சினனுக்குப் போன் போயிருக்கும்.

அடுத்த வாரம் ஒருநாள் நான் பள்ளி விட்டு வந்தபோது, கூடத்தில் வீட்டிலிருந்த துண்டெல்லாம் தரையில் கிடந்தது. என் மனைவி பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, சம்பிலிருந்து ஜக்கில் தண்ணீர் மொண்டு மேல்தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதித் தொட்டி காலி. உச்சியிலிருந்த பவளம் பாதி வெளியே நின்றது. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தன.

"கரண்ட் போச்சு. நான் சாப்பிட வந்து கதவத் தொறந்தா குளம். கீழ்வீட்டுக்காரர் வந்து பாத்துட்டுப் போயிட்டார்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "தம்பிக்குச் சொல்லிட்டேன். வேனோட வரான்" என்றாள்.

சொன்ன சொல் சொன்ன சொல்தான். ஜக்கை வாங்கி மிச்சத்தை நான் ஊற்றினேன்.

மச்சினன் வாளிகளோடு வந்துசேர்ந்தான். முகத்தில் வருத்தம் காட்ட முயன்றான், பாவம், சரியாக வரவில்லை. முதலில் குழாயைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"என்ன மாமா, இதுல ஒரு துளை போடணுமே? போடாம விட்டுட்டீங்களா?"

வாங்கிப் பார்த்தேன். துளை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. விரலால் தடவினால்தான் தெரிந்தது. பிசிறில்லாமல், வட்டமாக, பல் நிறத்தில் ஓர் அடைப்பு. இந்த வீட்டில் அப்படி அடைக்க ஒரே ஒரு ஆளால்தான் முடியும்.

"துளை இருந்துச்சே. நான்தான் அடைச்சேன்" என்றாள் அவள், துண்டைப் பிழிந்துகொண்டே.

"அக்கா! அதுதானே தண்ணிய நிறுத்தும்?"

அவள் கை அப்படியே நின்றது.

"ஏன்டி அடைச்ச?" என்றேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன்.

"துளையிலேர்ந்து தண்ணி பீச்சியடிச்சுது. சொட்டு விளிம்பு வரைக்கும் வந்து நின்னுச்சு. கீழ விழுந்தா சொன்னபடி நான் அனுப்பியாகணும். சொல்லிட்டு மாத்திப் பேச எனக்கு வராது." அவள் குரல் இறங்கிவிட்டது. "ராத்திரி நீங்க தொட்டிகிட்ட உக்காந்து பேசறதக் கேட்டுட்டுத்தான் நான் தூங்கறேன். அதான் விழறதுக்கு முன்னாடி கிளினிக்லேர்ந்து பல் அடைக்கற பசை, அத இறுக வைக்கற லைட்டெல்லாம் எடுத்துட்டு வந்து அடைச்சேன். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சக்களத்தியைக் காப்பாற்ற, தன் சட்டத்துக்குத் தானே ஒளித்து வேலை பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் அந்தத் தொட்டியை நான் ஒருவன்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

மச்சினன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினான். "சும்மாவே வந்திருக்கேன் போல" என்றான்.

"சாப்பிட்டுப் போடா" என்றாள் அக்கா.

நான் டிரில்லை எடுத்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள். "நகருங்க, துளை போடறது என் தொழில்." அடைத்த இடத்திலேயே, தவறாமல், அளவாகத் துளைத்துத் துகளை ஊதினாள்.

குழாயை மாட்டி மோட்டாரைப் போட்டோம். சம்பில் தண்ணீர் சலசலத்தது, மேலே மட்டம் ஏறியது, பெரிய மீன் முன்னால் வர, சின்னது பின்னாலேயே வந்தது. துளையிலிருந்து தண்ணீர் மெல்லிசாகப் பீச்சியடித்தது. ஒரு சொட்டு விளிம்பில் தயங்கி, வெளிப்பக்கக் கண்ணாடியில் இறங்கி, தரையில் விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, தம்பியிடம் சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்டாள்.