வியாசர்பாடிக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் திறந்த வீடு

வாலாஜாபாத் பக்கம் வடக்குப்பட்டு கிராமத்தில் கன்னியப்பன் வீட்டின் தெருக்கதவு 1958 ஆவணி முதல் சென்னை வியாசர்பாடியிலும், பின்கதவு பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலும் திறந்தன. வீடு மட்டும் வடக்குப்பட்டிலேயே இருந்தது. ஊர்க்காரர்கள் வெளியிலிருந்து தள்ளினால் இரண்டு கதவும் அசையாது. ஜன்னல் வழியாகப் பேசலாம், கீரையோ மோரோ கொடுத்து வாங்கலாம். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய ஒன்றரை ஏக்கர் நிலம் கூப்பிடு தூரத்தில் தெரியும். ஆனால் அங்கே போக அவர் வியாசர்பாடியில் வெளியேறி, பாரிமுனைக்கு நடந்து, வாலாஜாபாத் பஸ் பிடித்து, மூன்று மணி நேரம் கழித்து வந்து சேர வேண்டும். அதற்குள் அவருடைய விடியற்கால முறை முடிந்து, ஏரித் தண்ணீர் பக்கத்து வயல்கார எல்லப்பனுக்குத் திரும்பியிருக்கும்.

1960-ல் பக்கச் சுவரை இடித்து மூன்றாவது கதவு வைத்தார். அதுவும் வியாசர்பாடியில்தான், இரண்டு தெரு தள்ளித் திறந்தது. ஜன்னலையும் இடித்தால் நிலம் கண்ணிலிருந்தே போய்விடும் என்று பயந்து கடப்பாரையைக் கீழே போட்டார். வேறு இடத்தில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளச் சொன்ன எல்லப்பனிடம், "எங்கப்பன் கட்ன வூடு. நான் இன்னாத்துக்குப் போவணும்?" என்று சீறினார். நிலத்தை எல்லப்பனுக்கே குத்தகைக்கு விட்டார். தன் சேற்றில் இன்னொருவர் நாற்று நடுவதை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பத்து வருஷம் பார்த்தார். அந்தப் பத்து வருஷமும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் மனைவி சரோஜா தண்ணீருக்கு இரண்டு நகரத்துக்கும் குடத்தோடு போய்வந்தாள். முன்பக்கம் நாற்பது குடிசைக்கு ஒரு குழாய், பின்பக்கம் இருபத்திரண்டு ஓட்டு வீட்டுக்கு ஒன்று. வியாசர்பாடியில் ஓர் அறைக்கு ஒன்பது பேர் படுத்தார்கள். ஸ்ரீராமபுரத்தில் ஆறு பேர்தான், ஆனால் வாடகை இரட்டிப்பு. அங்கேயும் பாதிக்குப் பாதி தமிழ்க் குடும்பங்கள், மில் வேலைக்கு வந்தவர்கள். எந்தக் குழாயடியிலும் அவள் கடைசி. இரண்டு இடத்திலும் அவளை வெளியூர்க்காரி என்றார்கள்.

1971 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு நகரத்து ஆட்களும் உள்ளே எட்டிப் பார்த்து, ஜன்னலில் நெல்வயல் தெரிவதைக் கண்டு, இது எங்கள் வார்டு இல்லை என்று போய்விட்டார்கள். வடக்குப்பட்டுக்கு வந்தவர் பள்ளிக்கூட வாத்தியார் கோதண்டராமன். அவர் ஜன்னலில் நின்று சரோஜாவைக் கூப்பிட்டார்.

"வெளிய வந்து நில்லும்மா. வாசலைப் பார்த்துத்தான் எழுதணும்."

"வெளிய வந்தா வியாசர்பாடி சார். அவங்க எங்களச் சேக்கல."

"அப்போ நான் இன்னான்னு எழுதறது?"

"நாங்க ரெண்டு பேர், புள்ளைங்க ரெண்டு, நாலு பேர் கீறோம்னு எழுது சார். கீறோம் இல்ல?"

வாத்தியார் எழுதினார். வாசல் எங்கே என்று கேட்டுத் தாலுகா ஆபீஸ் மூன்று முறை படிவத்தைத் திருப்பி அனுப்பியது. இரண்டு நகரத்து வீடுகளைப் பற்றி சரோஜா சொன்னதை ஒப்பிட்டு அவர் விளக்கமாக எழுதி இணைத்த எட்டுப் பக்கமும், ஒரே பெண் இரண்டு ஊரில் குடியிருக்க முடியாது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. நான்காம் முறை அவரே போய், சாயங்காலம் வரை மேஜை முன்னால் நின்று, "வாசல் உள்ளூரில் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். ஆபீஸ் மூடும் நேரம் என்பதால் வாங்கிக்கொண்டார்கள்.

கதவுகள் ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. கன்னியப்பன் மறுநாள் எல்லப்பனைக் கூப்பிட்டு, "ஊர்க் கணக்குல பேர் ஏறிப்போச்சு. நெலத்த நானே பாத்துக்கறேன்" என்றார். எல்லப்பன் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தார். தண்ணீர் முறையைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளவும் சம்மதித்தார். அதிலிருந்து பதின்மூன்று வருஷமாக கன்னியப்பன் முதல் பஸ்ஸில் வருகிறார். உச்சிவேளையில் சேறு படிந்த காலோடு தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். சரோஜா கம்பி வழியே தட்டை நீட்டுகிறாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடட்டா?"

"போதும். வூட்டுக்குப் போவணும், பஸ்ஸு வந்துடும்" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏற ஒரகடம் பக்கம் நடக்கிறார்.