மேகத்துக்குள் ஒரு ரிவர்ஸ்

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பயிற்சி கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அங்கே பயிற்சி கொடுக்கும் அவளுடைய கால், கற்றுக்கொள்ள வருபவர்கள் தடுமாறுவதற்கு முன்பே அதை மிதித்துவிடும். அதனால் ஊரில் எல்லோருக்கும் அவள் ‘பிரேக் அக்கா’தான்.

தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக இருக்க வெளிநாட்டுக்கு விமானம் ஏறினாள். இறங்கியதும் மாப்பிள்ளையிடமிருந்து போன்.

“அக்கா, இவளுக்கு இப்பவே வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம். உங்களைக் கூட்டிட்டுப் போக வர முடியல. அங்கேயே ரூம் எடுத்துத் தங்குங்க, பஸ் நாளைக்குத்தான்.”

“நாளைக்கா? அப்புறம் நான் எதுக்கு வந்தேன்? வாடகைக்கு ஒரு கார் எடுத்துட்டு வந்துடுறேன்.”

“மலை ரோடுக்கா...”

“என் தொழிலே அதுதான் மாப்பிள்ளை, நீங்க அவளைப் பாருங்க.”

சொல்லும்போது கெத்தாகத்தான் இருந்தது. வாடகைக் காரில் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. கியரைத் தேடிய இடது கை கதவில் போய் இடித்தது. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. சமவெளியில் எப்படியோ சமாளித்தாள். ஏற்றம் தொடங்கியதும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரக் கல்சுவர். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

“ஸ்டியரிங்கை ஏன்டி கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சிருக்க? விடு, லூசா விடு,” என்று வாய்விட்டுத் தன்னையே அதட்டிக்கொண்டாள். கை கேட்கவில்லை.

பாதி மலையில் மேகம் இறங்கிவிட்டது. ஒரு வளைவைத் தாண்டியதும் சரிந்து கிடந்த பாறைகள் பாதிச் சாலையை அடைத்திருந்தன. மிச்சமிருந்த ஒற்றைத் தடத்தில், வெண்மைக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் வந்தன. மரக்கட்டை ஏற்றிய லாரி. அவ்வளவு பெரிய வண்டி பின்னால் போக வழியே இல்லை. அவள்தான் போக வேண்டும், அதுவும் வந்த வளைவைத் திரும்பச் சுற்றி.

லாரிக்காரர் இறங்கி வந்தார். தாடி வைத்த கனத்த மனிதர். புரியாத மொழியில் ஏதோ சொன்னார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, ஸ்டியரிங்கைச் சுற்றுவதுபோல் காட்டினார்: நான் எடுத்துக் கொடுக்கட்டுமா?

அவள் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. இறங்கி ஓரமாக நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஏனோ கையை எடுத்துவிட்டாள்.

“வேணாங்க. நானே எடுக்கிறேன். பின்னாடி மட்டும் பாத்துச் சொல்லுங்க,” என்று தமிழிலேயே சொல்லி, கையைப் பின்னால் நீட்டிக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டுப் பின்னால் போனார்.

கண்ணாடியில் அவருடைய கை மட்டும் தெரிந்தது. வா, வா, கொஞ்சம் இந்தப் பக்கம். பாதி வளைவில் சக்கரம் ஜல்லியில் வழுக்கி, வண்டி சுவரை நோக்கிச் சறுக்கியது. நிறுத்தச் சொல்லி அவர் டிக்கியில் பளாரென்று ஓர் அடி அடித்தார். பிரேக்கை மிதித்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் அவசரப்படுத்தவில்லை. சுவரில் சாய்ந்து, வேறு வேலையே இல்லாதவர்போல மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ரிவர்ஸ் போட்டதும்தான் கையைத் தூக்கினார்.

அகலமான இடத்துக்கு வந்து ஒதுங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லாரி உரசாமல் நழுவிக் கடந்தது. அவர் நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அவளும் பதிலுக்கு அழுத்தினாள், தேவைக்கு மேலேயே. பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு சாலை மாறிவிடவில்லை, வளைவுகளும் குறையவில்லை. ஆனால் விரல்கள் தளர்ந்திருந்தன. உச்சியைத் தாண்டியதும் மேகம் விலகி, கீழே வெயிலில் ஒரு சின்ன ஊர் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினாள். மாப்பிள்ளை ஓடிவந்தார்.

“இன்னும் பொறக்கலக்கா. உங்களைத்தான் கேட்டுட்டே இருக்கா.”

அறைக்குள் தங்கை வியர்த்துக் களைத்துப் படுத்திருந்தாள். அக்காவைக் கண்டதும், வலிக்கு நடுவிலும் கண்ணை அகல விரித்தாள்.

“என்னக்கா மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? பிரசவம் எனக்கா, உனக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான்டி. என்னோடது முடிஞ்சுது,” என்று அவள் தங்கையின் கையைப் பற்றிக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் அறையே அதிர்ந்தது. தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான், காலையிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.